26, 35, 45 லிட்டர்: கேபினுக்குள் கொண்டுபோக எந்த முதுகுப்பை?

திருச்சியில் இருக்கும் நீங்களும் உங்கள் மனைவியும் ஆண்டுக்கு ஓரிரு முறை கோலாலம்பூர், சிங்கப்பூர் பக்கம் போய்வருவதாகவும், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் மூன்று வாரம் சுற்றத் திட்டமிட்டிருப்பதாகவும், இனி செக்-இன் பெட்டியே இல்லாமல் ஆளுக்கொரு முதுகுப்பையோடு பயணம் செய்ய நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 26, 35, 45 லிட்டர் என்று மூன்று அளவுகளைப் பார்த்து வைத்திருக்கும் உங்களிடம், 45 லிட்டரை வாங்கிவிட்டால் வேண்டாதபோது சுருக்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உங்கள் மனைவியின் உயரம் 155 செ.மீ. என்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்களில் பலர் சொல்லாமல் விட்டுவிடும் தகவல் அது. பதிலில் பாதி அதைப் பொறுத்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 32 முதல் 35 லிட்டர், உங்கள் மனைவிக்கு 28 முதல் 30 லிட்டர். இரண்டுமே வெறும் பையாக 1.2 கிலோவைத் தாண்டக் கூடாது. 45 லிட்டர் உங்கள் வழித்தடங்களுக்கு ஏற்றதல்ல. 26 லிட்டர் ஐரோப்பாவுக்குள் ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும் 35-ஐவிடச் சிறந்தது. கொள்ளளவை வைத்து நான் இந்த முடிவுக்கு வரவில்லை. எடையை வைத்து வந்தேன். ஆசிய வழித்தடங்களில் பறப்பவர்கள் பையை வாங்கும்போது எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லிட்டர் என்ற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்திருக்கும் எஃப்2153 என்ற முறைப்படி, 20 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளைப் பைக்குள் நிரப்பி, பிறகு அவற்றை அளவுகலத்தில் கொட்டிக் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. நீள, அகல, உயரத்தைப் பெருக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் வைக்கும் பக்கவாட்டுப் பைகளையும் கணக்கில் சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் 35 லிட்டர் பைக்குள் போகும் துணி, இன்னொரு நிறுவனத்தின் 32 லிட்டர் பைக்குள் போவதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். கடையில் இரண்டு பைகளை ஒப்பிடும்போது லிட்டரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உள் அறையின் அளவை நாடாவால் அளந்து பார்ப்பது நல்லது.

விமான நிலையத்திலோ யாரும் லிட்டரைக் கேட்பதில்லை. அங்கே இருப்பவை ஒரு தராசும், மூன்று பக்க அளவுகளுக்கு ஏற்பச் செய்த, பையை நுழைத்துப் பார்க்கும் ஒரு சட்டமும்தான். இண்டிகோவின் கேபின் பைக்கு மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 115 செ.மீ. வரை அனுமதி, 55 × 35 × 25 என்பது அந்தக் கூட்டுத்தொகைக்குள் வருவது. அதைப் பெருக்கினால் 48 லிட்டர். ஏர் ஏசியாவின் 56 × 36 × 23 செ.மீ. பெருக்கினால் 46 லிட்டர். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் 22 × 14 × 9 அங்குலமும் ஏறத்தாழ அதே அளவுதான். சந்தையில் 45 லிட்டர் பைகள் இவ்வளவு மலிந்து கிடப்பதற்கு அந்த அமெரிக்கக் கணக்கே காரணம். அந்த நாட்டின் பெரிய நிறுவனங்கள் சாதாரண எகானமி டிக்கெட்டில் கேபின் பையின் எடைக்கு உச்சவரம்பு விதிப்பதில்லை. அளவை மட்டுமே பார்க்கின்றன. எடைக்கு வரம்பு இல்லாத இடத்தில், அளவு அனுமதிக்கும் கடைசி அங்குலம் வரை பையைப் பெரிதாக்குவது நியாயமான வடிவமைப்புதான். இணையத்தில் நாம் பார்க்கும் பை விமர்சனங்களில் பெரும்பாலானவை அந்த நாட்டில் எழுதப்பட்டவை என்பதால், அங்கே பொருந்தும் பரிந்துரையைத் திருச்சியில் இருப்பவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

நம் பக்கத்து விதி வேறு. இண்டிகோ கேபின் பைக்கு 7 கிலோ அனுமதிக்கிறது. அதோடு 3 கிலோ வரை ஒரு சிறிய லேப்டாப் பையோ கைப்பையோ தனியாக எடுத்துவரலாம். ஏர் ஏசியாவிலும் இரண்டு உருப்படிகள் கொண்டுபோகலாம், ஆனால் இரண்டும் சேர்ந்து 7 கிலோதான். ஸ்கூட்டில் இரண்டும் சேர்ந்து 10 கிலோ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், கத்தார் ஆகியவற்றின் எகானமி வகுப்பில் 7 கிலோ. லுஃப்தான்சாவில் 8 கிலோ. ஏர் பிரான்ஸும் கேஎல்எம்மும் பையையும் சிறு உருப்படியையும் சேர்த்து 12 கிலோ வரை விடுகின்றன. இந்த எண்களை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதால், டிக்கெட் எடுக்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் உங்கள் பயணங்களில் அடிக்கடி வரப்போகும் எண் 7 என்பதில் ஐயமில்லை.

இனி அந்த 7 கிலோவுக்குள் என்ன அடங்கும் என்று பார்ப்போம். பையின் சொந்த எடை 1.2 கிலோ. நான்கு சட்டைகள் அல்லது டி-சர்ட்டுகள் 800 கிராம். உடுத்தியிருப்பது போக இன்னொரு மெல்லிய பேன்ட் 400 கிராம். ஜீன்ஸ் என்றால் 600-ஐத் தாண்டிவிடும். இரவுக்கு ஒரு கைலி 250, உள்ளாடைகளும் காலுறைகளும் 500, ஈரிழைத் துண்டு 200, மழைக்கோட்டு 300, ரப்பர் செருப்பு 300, பற்பசை முதல் மாத்திரை வரையிலான சில்லறைப் பொருள்கள் 600. லேப்டாப்பும் அதன் சார்ஜரும் 1.7 கிலோ. பவர் பேங்க், கைபேசி சார்ஜர், அடாப்டர், கேபிள்கள் 600 கிராம். கூட்டினால் 6.85 கிலோ. இதில் ஆடம்பரம் என்று ஒன்றும் இல்லை. ஒரு நாவலைக்கூட நான் சேர்க்கவில்லை. இத்தனை பொருள்களும் 28 முதல் 30 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதாவது தராசு முள் 7-ஐத் தொடும்போது, 35 லிட்டர் பையில் மேலே சிறிது இடம் மிச்சமிருக்கும். 45 லிட்டர் பையிலோ மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகக் கிடக்கும். அந்த வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான் பையின் விலையையும் எடையையும் நீங்கள் சுமக்கிறீர்கள்.

பையின் எடை என்று சொன்னதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இதுதான். பீக் டிசைன் நிறுவனத்தின் 45 லிட்டர் பயணப் பை மிக நேர்த்தியான வேலைப்பாடு கொண்டது. உங்கள் கடைக்காரர் சொன்னதுபோலவே 35 லிட்டராகச் சுருங்கும், 45-ஆக விரியும். ஆனால் வெறும் பையே இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மேலே போட்ட கணக்கில் 1.2-க்குப் பதில் அதை வைத்தால், அதே பொருள்களுக்கு 7.7 கிலோ வருகிறது. கொள்ளளவைச் சுருக்க முடியும். ஜிப்புகளும் பட்டைகளும் உறுதியான அடிப்பாகமும் சேர்ந்த எடையைச் சுருக்க வழியில்லை. ஏர் (Aer) என்ற பை நிறுவனத்தின் டிராவல் பேக் 3 என்ற 35 லிட்டர் பையும் 1.8 கிலோவுக்கு மேல் வரும். பயணிகள் மிகவும் விரும்பி வாங்கும் ஆஸ்ப்ரே ஃபார்பாயின்ட் 40 ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இவை எதுவும் தரக்குறைவான பைகள் அல்ல. எடை வரம்பு இல்லாத, அல்லது 10 கிலோவுக்கு மேல் அனுமதிக்கும் நிறுவனங்களில் பறப்பவருக்கு இவற்றில் ஏதாவது ஒன்றை நானே பரிந்துரைப்பேன். 7 கிலோ வரம்பில் மட்டும் பையின் ஒவ்வொரு கால் கிலோவும் ஒரு கைலியையோ ஒரு துண்டையோ வெளியே தள்ளிவிடுகிறது. (சக்கரம் வைத்த கேபின் டிராலி பெட்டிகளில் பல இரண்டரைக் கிலோவைத் தொடுவதால், உங்கள் வழித்தடங்களில் முதுகுப்பை என்று நீங்கள் முடிவெடுத்ததே சரியான முதல் படி.)

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தப் பை எத்தனை கிலோ?" என்பதுதான். சீட்டில் எழுதியிருக்கும் எடையில் இடுப்புப்பட்டை, மழையுறை முதலிய கழற்றக்கூடிய பாகங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்றும் கேளுங்கள். முடிந்தால் கையோடு ஒரு கொக்கித் தராசு கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். ஒரு கேபின் பையை விமான நிலைய ஊழியர் தூக்கி வீசப் போவதில்லை. அது உங்கள் முதுகிலோ, கைக்கு எட்டும் தூரத்திலோ இருக்கும். அதனால் 1000 டினியருக்கு (நூலின் கனத்தைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட முரட்டு நைலான் துணி அதற்குத் தேவையே இல்லை. 210 முதல் 420 டினியர் வரையிலான நல்ல நைலான் போதும், எடையும் கணிசமாகக் குறையும்.

துணியைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ச் சூழலுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மலிவான பைகளின் உட்புறத்தில் நீர் புகாமல் இருக்க பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். ஈரக்காற்றும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு நாளடைவில் நீரோடு வினைபுரிந்து சிதைந்து, முதலில் பிசுபிசுப்பாகி, பிறகு வெள்ளைச் செதிலாக உதிரத் தொடங்கும். பயன்படுத்தாமல் அலமாரியில் மூடி வைத்த பைகளில்தான் இது அதிகம் நடக்கிறது. கடலோர ஊர்களிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பயணம் முடிந்து வந்ததும் பையைக் கவிழ்த்து உதறி, நிழலில் காயவைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிட்டால் அதன் ஆயுள் கூடும்.

அடுத்து உங்கள் மனைவியின் பை. 45 லிட்டர் பைகள் பெரும்பாலும் 55 செ.மீ. உயரம் கொண்டவை. 155 செ.மீ. உயரமுள்ளவர் அதை மாட்டினால், தோளுக்கு மேலே தொடங்கிப் பிட்டத்துக்குக் கீழே வரை தொங்கும். இடுப்புப்பட்டை இடுப்பெலும்பில் உட்காராமல் அதற்குக் கீழே நழுவி நிற்கும். பாரம் முழுவதும் தோளிலேயே இறங்கும். முதுகுப்பைக்கு ஆளின் மொத்த உயரத்தைவிட முதுகின் நீளமே முக்கியம். அதை வீட்டிலேயே அளக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து, இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைக்கும்போது கட்டைவிரல்கள் முதுகில் சந்திக்கும் கோடு வரை நாடாவைப் பிடியுங்கள். அந்த அளவு 43 செ.மீ.-க்குள் இருந்தால், 48 முதல் 50 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்ட பையை அவருக்கு வாங்காதீர்கள். 28 முதல் 30 லிட்டர் பைகள் பெரும்பாலும் அந்த உயரத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒருவேளை 40 லிட்டர்தான் வேண்டும் என்று அவர் விரும்பினால், ஆஸ்ப்ரேயின் ஃபேர்வியூ வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஃபார்பாயின்ட்டையே பெண்களின் தோள் அகலத்துக்கும் முதுகு நீளத்துக்கும் ஏற்பச் செய்தது.

இடுப்புப்பட்டை வேண்டுமா என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பாரம் 7 கிலோவுக்குள் இருந்து, ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டியிருக்காது என்றால், கனமான பஞ்சு வைத்த இடுப்புப்பட்டை வீண் எடைதான். நெஞ்சுப்பட்டையும் நல்ல தோள்பட்டையும் போதும். 10 கிலோவைத் தூக்குபவருக்கும், ஏற்கெனவே தோள்வலி, கழுத்துவலி உள்ளவருக்கும் அது கட்டாயம் தேவை. உங்கள் மனைவிக்கு அப்படி வலி ஏதும் இருந்தால், 200 கிராம் கூடினாலும் பரவாயில்லை என்று இடுப்புப்பட்டை உள்ள பையையே வாங்குங்கள். அதற்கு ஈடாக ஒரு துணியைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் மூன்று வாரம் என்பதால் பெரிய பை வேண்டுமோ என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. பையின் அளவு பயண நாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. எத்தனை நாளுக்கு ஒரு முறை துணி துவைக்கிறீர்கள் என்பதையும், எந்தப் பருவத்தில் போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. நான்கு நாளுக்கு ஒரு முறை துவைப்பவருக்கு ஒரு வாரமும் ஒரு மாதமும் ஒன்றுதான். இரவில் அலசிக் காலையில் உலர்ந்துவிடும் மெல்லிய துணிகளாக எடுத்துக்கொண்டால் அறையிலேயே துவைத்துக்கொள்ளலாம். தடித்த பருத்தியும் ஜீன்ஸும் அதற்கு ஒத்துவரா. மே முதல் செப்டம்பர் வரை போவதாக இருந்தால் நான் சொன்ன 35 லிட்டர் தாராளமாகப் போதும். டிசம்பர், ஜனவரியில் போனாலும் கனத்த குளிர்கோட்டை உடுத்திக்கொண்டே விமானம் ஏறலாம் என்பதால், உள்ளே கம்பளிச் சட்டை ஒன்று, வெப்ப உள்ளாடை இரண்டு என்று மூன்று நான்கு லிட்டர்தான் கூடும்.

ஐரோப்பாவில் உண்மையான சிக்கல் அங்குள்ள மலிவு விலை விமான நிறுவனங்களால் வருவது. ரயனேர் தன் அடிப்படைக் கட்டணத்தில் 40 × 30 × 20 செ.மீ. அளவுள்ள ஒரு சிறு பையை மட்டுமே இலவசமாக விடுகிறது. 2025-இல்தான் முன்பிருந்த 40 × 25 × 20 என்ற அளவை இப்படிச் சற்றுப் பெரிதாக்கினார்கள். விஸ் ஏரும் அதே 40 × 30 × 20 தான், 10 கிலோ வரை. ஈஸிஜெட் 45 × 36 × 20 செ.மீ. வரை அனுமதிக்கிறது, எடையோ 15 கிலோ வரை போகலாம். முதல் இரண்டின் அளவைப் பெருக்கினால் 24 லிட்டர். ஈஸிஜெட்டுக்கு 32 லிட்டர். இங்கே நிலைமை ஆசியாவுக்கு நேர்மாறு என்பதைக் கவனியுங்கள். எடையில் தாராளம், அளவில் கண்டிப்பு. உங்கள் 35 லிட்டர் பை இருக்கைக்கு அடியில் வைக்கும் சட்டத்துக்குள் போகாது. போர்டிங் வாயிலில் பிடிபட்டால் கட்ட வேண்டிய தொகை, சில சமயம் டிக்கெட் விலையையே மிஞ்சிவிடும்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 26 லிட்டர் பை பயன்படக்கூடிய ஒரே இடம் இதுதான், அதுவும் ஒரு நிபந்தனையோடு. நம் கடைகளில் கிடைக்கும் 26 லிட்டர் பைகளில் பல, கல்லூரிப் பைபோல 45 செ.மீ.-க்கு மேல் உயரமானவை. ரயனேருக்காக வாங்குகிறீர்கள் என்றால் 40 செ.மீ. உயரத்துக்குள் அடங்கிப் பெட்டிபோல் அகன்ற வடிவத்தைத் தேட வேண்டும்; அந்தச் சட்டம் 24 லிட்டர்தான் என்பதால் முழுதாக அடைக்கவும் கூடாது. மூன்று வாரத்தில் இப்படிப்பட்ட விமானங்கள் ஐந்தாறு வரும் என்றால் அந்தப் பையோடு போவது லாபம். ஒன்றோ இரண்டோதான் என்றால், அந்த விமானங்களுக்கு மட்டும் கூடுதல் கேபின் பைக்கான கட்டணத்தை டிக்கெட்டோடு சேர்த்து முன்கூட்டியே கட்டிவிட்டு 35 லிட்டரோடு போங்கள். ரயனேரில் அப்படிக் கட்டினால் 55 × 40 × 20 செ.மீ., 10 கிலோ வரை கிடைக்கும். மற்ற ஊர்களுக்கு ரயிலில் போனால் தராசும் இல்லை, சட்டமும் இல்லை. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ் போன்ற அடுத்தடுத்த நகரங்களுக்கு ரயிலே வசதி என்பதால், பெரும்பாலோருக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பையின் மூன்று பக்கங்களில் தகராறு கொண்டுவருவது பெரும்பாலும் தடிமன்தான். உயரமும் அகலமும் துணியின் வெட்டிலேயே நிலைத்துவிடுகின்றன. தடிமனோ நீங்கள் அடைப்பதைப் பொறுத்துப் புடைக்கும். சீட்டில் 20 செ.மீ. என்று போட்டிருக்கும் பை, முன்பக்கப் பையில் ஒரு ஸ்வெட்டரைத் திணித்தவுடன் 26 ஆகிவிடும். ஆகவே இருபுறமும் இறுக்கும் பட்டைகள் உள்ள பையாகப் பாருங்கள். கூடுதல் ஜிப்பைத் திறந்தால் விரியும் பைகளை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. போகும்போது மூடியிருக்கும் அந்த ஜிப் வரும்போது திறந்துவிடுகிறது. பை வரம்பைத் தாண்டுவது எப்போதும் திரும்பும் பயணத்தில்தான்.

திரும்பும் பயணம் என்றதும் இன்னொன்றையும் பேசிவிட வேண்டும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உறவினர் இருப்பவர்கள் வெறுங்கையோடு போவதுமில்லை, வருவதுமில்லை. முறுக்கு, அதிரசம், பொடி வகைகள் என்று இரண்டு கிலோ சேர்ந்துவிட்டால் எந்த அளவுப் பை வாங்கியும் பயனில்லை. ஒரு பட்டுப்புடவை மட்டுமே முக்கால் கிலோ வரை வரும் என்பதால் கல்யாணத்துக்குப் போகும் பயணமும் இந்தக் கணக்கில் அடங்காது. நெய், தேன் போன்றவை பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதப்படுபவை. பன்னாட்டுப் பயணத்தில் 100 மி.லி.-க்கு மேற்பட்ட கலத்தில் கேபினுக்குள் விடமாட்டார்கள். இப்படிப்பட்ட பயணங்களுக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு செக்-இன் பையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதுதான் மலிவு. மடித்தால் கைக்குள் அடங்கும் 200 கிராம் மெல்லிய பை ஒன்றை எப்போதும் அடியில் போட்டு வைத்திருந்தால், திரும்பும்போது மட்டும் செக்-இன் எடுத்துக்கொள்ளலாம். இதற்காக 45 லிட்டர் பையை ஆண்டு முழுவதும் சுமக்க வேண்டியதில்லை.

45 லிட்டர் யாருக்குத்தான் பொருந்தும் என்று கேட்டால், அமெரிக்காவுக்குள் உள்நாட்டு விமானங்களில் பறப்பவர்களுக்கும், 56 × 45 × 25 செ.மீ., 23 கிலோ வரை கேபினுக்குள் விடும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்களில் போகிறவர்களுக்கும், கைக்குழந்தையின் பொருள்களையும் ஒரே பையில் எடுத்துச்செல்லும் பெற்றோருக்கும் அது மிக நல்ல அளவு. ரயிலில் மட்டும் பயணம் செய்பவருக்கும் தடையில்லை. ஆனால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறைகள் சிறியவை. முழுதாக அடைத்த பெரிய பையை விமானத்தின் வாசலிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள்.

அப்படிப் பையைக் கொடுக்க நேரும்போது பவர் பேங்க்கை மறக்காமல் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். அது சரக்கறைக்குப் போகவே கூடாது. 100 வாட்-மணி வரையிலான பவர் பேங்க்கைக் கேபினில் கொண்டுபோகலாம். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நின்றபடியே தீப்பிடித்து எரிந்த பிறகு, ஆசிய நிறுவனங்கள் பல இதில் கண்டிப்பைக் கூட்டிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் பயணத்தின்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையே தடை செய்திருக்கின்றன. ஆகவே பவர் பேங்க், பாஸ்போர்ட், மாத்திரை ஆகிய மூன்றும் முதுகுப்பைக்கு வெளியே, குறுக்கே மாட்டும் ஒரு சிறு பையில் இருப்பது நல்லது. இண்டிகோவில் அந்தச் சிறு பைக்குத் தனியாக 3 கிலோ உண்டு என்பதால் லேப்டாப்பையும் அதிலேயே வைத்துவிட்டால் முதுகுப்பை ஐந்து கிலோவுக்குள் இறங்கிவிடும். ஏர் ஏசியாவில் இரண்டையும் சேர்த்தே நிறுப்பார்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை, மேலே மட்டும் திறக்கும் மலையேற்றப் பையைத் தவிர்த்துவிட்டு, சூட்கேஸ்போல மூன்று பக்கமும் ஜிப் திறந்து முழுதாக விரியும் பையை எடுங்கள். அறையில் இடம் குறைவாக இருக்கும்போதும், சோதனை மேசையில் திறக்கச் சொல்லும்போதும் அது எவ்வளவு வசதி என்பது தெரியும். லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் கனம் பின்னுக்கு இழுத்துத் தோளை வலிக்கச் செய்யும். ஜிப் பெரியதாக, தடையில்லாமல் ஓடுவதாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு பயணப் பையில் முதலில் பழுதாவது பெரும்பாலும் ஜிப்தான். உள்ளே ஏகப்பட்ட சிறு அறைகள் இருப்பதை மேன்மையாக எண்ண வேண்டாம். ஒவ்வோர் அறையும் துணி, ஒவ்வொரு துணியும் எடை; இரண்டு மெல்லிய துணிப் பைகளில் ஆடைகளைப் பிரித்து வைத்தாலே ஒழுங்கு வந்துவிடும்.

வாங்கப் போகும் நாளில் இருவரும் சேர்ந்தே போங்கள். வீட்டில் நீங்கள் உண்மையில் கொண்டுபோகப் போகும் துணிகளையும் லேப்டாப்பையும் ஒரு பழைய பையில் எடுத்துக்கொண்டு போய், கடையில் 30 லிட்டர், 35 லிட்டர் பைகளில் அடைத்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். அடைத்தபின் தடிமனை நாடாவால் அளந்து, நிறுத்து, முதுகில் மாட்டிக் கால் மணி நேரம் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 35 லிட்டருக்கும் 30 லிட்டருக்கும் நடுவே உங்களுக்குத் தடுமாற்றம் வந்தால், எடை குறைந்ததை எடுங்கள். எடையும் ஒன்றாகவே இருந்தால் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலப் பயணத்தில் அந்த ஐந்து லிட்டர் உதவும்.